ஸ்டோயிக் மன அமைதி: உணர்ச்சியை அடக்குவதா, ஆராய்வதா?

நெய்தல்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாட்களாக, ரோமப் பேரரசுக் காலத்து ஸ்டோயிக் தத்துவ ஆசிரியர் எபிக்டெட்டஸின் கையேட்டைப் படித்து வருகிறேன். மொத்தம் 53 சிறு பகுதிகள். முதல் பகுதி உடனே மனதில் ஒட்டிக்கொண்டது. நாம் எதை எப்படி எடுத்துக்கொள்கிறோம், எதை விரும்புகிறோம், எதை வெறுக்கிறோம், எதைச் செய்ய முனைகிறோம் என்பவை நம் கையில் இருக்கின்றன. உடம்பு, சொத்து, பேர், பதவி இவை நம் கையில் இல்லை. அலுவலகத்தில் இந்த ஒரு பிரிவினையை வைத்தே நிறைய சமாளித்துவிட முடிகிறது.

மூன்றாம் பகுதியைத் தாண்டத்தான் முடியவில்லை. உனக்குப் பிடித்த ஜாடி ஒன்று இருந்தால், "எனக்குப் பிடித்திருப்பது ஒரு ஜாடி" என்று சொல்லிக்கொள், உடைந்தால் கலங்கமாட்டாய் என்கிறார். சரி. அடுத்த வரியிலேயே, பிள்ளையையோ மனைவியையோ முத்தமிடும்போது "சாகக்கூடிய ஒரு மனிதரை முத்தமிடுகிறேன்" என்று சொல்லிக்கொள், அவர் இறந்தாலும் கலங்கமாட்டாய் என்கிறார். ஜாடியும் பிள்ளையும் ஒரே வரிசையிலா?

அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். வருகிற உறவினர் எல்லாரும் "அழாதே, மனசைக் கல்லாக்கிக்கொள்" என்கிறார்கள். நண்பர் ஒருவர், ஸ்டோயிக்காக வாழ்ந்த ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் பொன்மொழிப் படம் ஒன்றை அனுப்பினார். இந்தத் தத்துவமும் கடைசியில் இதையேதான் சொல்கிறது என்றால் எனக்கு வேண்டாம். ஆனால் அப்படி இருக்காது என்று உள்ளே ஏதோ சொல்கிறது. மூலநூல்களைப் படித்தவர்கள் பேசுங்கள்.

கருங்கல்

தோழி, நீங்கள் கேட்பதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், அதையேதான் சொல்கிறது. அதில் தவறு எதுவும் இல்லை. நான் ஸ்டோயிசத்துக்கு வந்ததே எதற்கெடுத்தாலும் பொங்கும் சுபாவத்தால்தான். யார் என்ன சொன்னாலும் முகத்தில் எதையும் காட்டாமல், உள்ளேயும் எதையும் எழவிடாமல் பழகி வருகிறேன். விடிகாலைக் குளிர்நீர்க் குளியல், உண்ணாவிரதம் எல்லாம் அதற்குத்தான். எதற்கும் அசையாதவனை யாரும் காயப்படுத்த முடியாது. ஜாடி, பிள்ளை என்று வரிசைப்படுத்தியது வேண்டுமென்றே செய்ததுதான். சின்னதில் பழகினால் பெரியதைத் தாங்கலாம்.

பழையபேனா

நெய்தல் அம்மா, அப்பா சீக்கிரம் தேறி வரட்டும்.

கருங்கல் தம்பியின் உழைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. சின்னதில் தொடங்கிப் பெரியதுக்குப் போவது என்பதும் எபிக்டெட்டஸே சொன்ன முறைதான். ஆனால் "உள்ளேயும் எழவிடாமல்" என்கிற இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. அந்தத் தத்துவத்தை வளர்த்தவர்களும் ஒத்துப்போகவில்லை.

ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் எழுதிவைத்த ஒரு கப்பல் பயணம் இருக்கிறது. கிரேக்கக் கரையில் உள்ள காசியோப்பாவிலிருந்து இத்தாலியின் பிருந்திசியத்துக்கு அயோனியக் கடலைக் கடக்கிறார். இரவு முழுக்கப் புயல். கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது. பயணிகளில் ஏதென்ஸில் பேர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். இவர் முகம் எப்படி இருக்கிறது என்று கெல்லியஸ் அந்தக் கலவரத்திலும் திரும்பிப் பார்க்கிறார். மற்றவர்கள்போல் அவர் அலறவில்லை. ஆனால் முகம் வெளிறிப்போயிருக்கிறது, பதற்றமும் தெரிகிறது.

புயல் அடங்கியதும் பணக்காரப் பயணி ஒருவர் அவரிடம் வந்து, "நீர் தத்துவவாதி, வெளிறிவிட்டீர். நான் வெளிறவில்லையே" என்று சீண்டுகிறார். ஆசிரியர் அவருக்குச் சுருக்கமாக ஒரு பதில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். பிறகு கெல்லியஸ் அடக்கமாக வந்து காரணம் கேட்கும்போது, பையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் காட்டுகிறார். எபிக்டெட்டஸ் தன் மாணவர்களிடம் பேசிய உரைகளில் ஐந்தாம் நூல். இன்று நமக்கு முதல் நான்குதான் கிடைத்திருக்கின்றன. ஐந்தாவதில் இருந்த இந்தப் பகுதி பிழைத்ததே கெல்லியஸ் குறித்துவைத்ததால்தான்.

அதில் இருந்தது என்ன? இடி இடிக்கும்போதும் ஏதோ இடிந்து விழும்போதும் ஞானியின் மனமும் ஒரு கணம் குலுங்கும், முகம் வெளிறும். அறிவு வேலை செய்யத் தொடங்கும் முன்பே உடம்பு செய்துவிடும் காரியம் அது. அதன்மேல் யாருக்கும் அதிகாரம் இல்லை. வேறுபாடு அடுத்த கணத்தில்தான். அறிவில்லாதவன் முதலில் பயங்கரமாகத் தெரிந்ததை "ஆமாம், பயங்கரம்தான்" என்று ஏற்றுக்கொள்கிறான். ஞானி அந்த ஒப்புதலைக் கொடுப்பதில்லை. நிறுத்திப் பார்க்கிறான்.

முழுத் தத்துவமும் இந்த ஒப்புதல் என்ற புள்ளியில்தான் நிற்கிறது. ஒரு காட்சி மனதில் வந்து விழுவது நம் கையில் இல்லை. "இது எனக்கு நேர்ந்த கேடு" என்று அதற்கு முத்திரை குத்துவது நம் கையில் இருக்கிறது. ரோமானிய ஸ்டோயிக் எழுத்தாளர் செனெகா கோபத்தைப் பற்றிய தன் நூலில் இதையே மூன்று படியாகப் பிரிக்கிறார். முதல் அசைவு தானாக வருவது. யாரோ கண்ணுக்கு நேராக விரலை நீட்டினால் இமை மூடுவதுபோல. அதைப் பகுத்தறிவால் தடுக்க முடியாது என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். இரண்டாவதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது: எனக்கு அநியாயம் நடந்துவிட்டது, பதிலுக்குச் செய்வது முறை. மூன்றாவது, கட்டுமீறிப் போய்விட்ட நிலை. நம்மால் வேலை செய்ய முடிகிற இடம் இரண்டாவதுதான்.

ஆகவே தம்பி, முதல் அசைவை எழவிடாமல் செய்யப் பழகுவது அவர்களே முடியாது என்று விட்டுவிட்ட வேலை. அதில் செலவாகும் பலத்தை இரண்டாம் படிக்குக் கொடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. உரைகளின் மூன்றாம் நூலில் எபிக்டெட்டஸ், நான் சிலையைப்போல உணர்வில்லாமல் இருக்கக்கூடாது, மகனாக, சகோதரனாக, தந்தையாக, குடிமகனாக என் உறவுகளைக் காக்க வேண்டும் என்கிறார். கல்லாக்கிக்கொள் என்ற பேச்சுக்கு அதைவிட நேரான மறுப்பு வேண்டாம்.

வாசகி

கப்பல் கதைக்கு நன்றி ஐயா. இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

கேள்வி ஒன்று. "நிறுத்திப் பார்" என்று சொல்வது சுலபம். என் மேலதிகாரி எல்லாருக்கும் நகல் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார், அதில் என் வேலையைக் குறை சொல்லியிருக்கிறார். வயிறு கலங்குகிறது, காது சூடாகிறது. நீங்கள் சொல்லும் முதல் அசைவு அதுதான் என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் எதைப் பார்ப்பது? எப்படி?

மாலைநேரம்

வாசகி, நான் மனநல ஆலோசனைத் துறையில் வேலை செய்கிறேன், அதனால் இதற்கு நான் பதில் எழுதுகிறேன்.

மின்னஞ்சலில் உள்ளது ஒன்று, நீங்கள் அதோடு சேர்த்தது இன்னொன்று. "மூன்றாவது பத்தியில் கணக்கு சரியில்லை என்று எழுதியிருக்கிறார்" என்பது உள்ளது. "எல்லார் முன்னாலும் என்னை அவமானப்படுத்திவிட்டார், இனி இந்த வேலையில் எனக்கு மரியாதை இல்லை" என்பது சேர்த்தது. இரண்டையும் தனித்தனியே ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு கேளுங்கள்: அவர் சொன்னது உண்மையா? உண்மை என்றால் திருத்தலாம். பொய் என்றால், ஆதாரத்தோடு அமைதியாகப் பதில் எழுதலாம். இரண்டு வழியிலும் உங்களுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அவர் உங்களை மதிப்பதா இல்லையா என்பது அவர் மனதுக்குள் நடப்பது, அங்கே உங்கள் கை எட்டாது.

கையேட்டின் ஐந்தாம் பகுதியில், மனிதரைக் கலக்குவது நிகழ்வுகள் அல்ல, நிகழ்வுகளைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் கருத்துகள்தான் என்று ஒரு வரி வரும். 1950களின் நடுவில் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சை முறையைத் தொடங்கியபோது அடித்தளமாக வைத்தது அந்த வரியைத்தான். பின்னால் ஆரன் பெக் வளர்த்த அறிவாற்றல் சிகிச்சையும் தன் தத்துவ வேர் ஸ்டோயிக்குகளிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டது. இன்று உலகம் முழுக்க நடக்கும் சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) எனப்படும் முறை அந்தக் கிளைதான். எங்களிடம் வருகிறவர்களைத் தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதச் சொல்கிறோமே, அதன் பூட்டன் பாட்டன் ஒருவர் கிரேக்க நகரான நிக்கோபோலிஸில் பள்ளி நடத்திய முன்னாள் அடிமை எபிக்டெட்டஸ் என்பது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்.

ஒன்றை அழுத்தியே சொல்கிறேன். தூக்கமே வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், கையேட்டை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வு நோயில் இரண்டாம் படியில் நின்று யோசிக்கும் அந்தச் சக்தியே குறைந்துபோயிருக்கும். அப்போது "உன் கருத்தை மாற்றிக்கொள்" என்பது அந்த மனிதர்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவது.

பழையபேனா

மாலைநேரம் சொன்னதோடு, முன்கூட்டியே செய்யும் பயிற்சி ஒன்றையும் சேர்க்கலாம். கையேட்டின் நாலாம் பகுதி. பொதுக் குளியலறைக்குப் போகிறாயா? அங்கே என்ன நடக்கும் என்று முதலில் நினைத்துப் பார். தண்ணீரை வாரி இறைப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், துணியைத் திருடுவார்கள். "நான் குளிக்கவும் வேண்டும், என் மனதைச் சீராக வைத்துக்கொள்ளவும் வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பு. யாராவது இடித்தால், குளியலில் தடை வந்தாலும் இரண்டாவதில் தடை வரவில்லை. வாசகி, அலுவலக மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கும்முன் இதைச் செய்து பாருங்கள்.

எபிக்டெட்டஸின் சொந்த வாழ்க்கையில் நடந்ததும் ஒன்று உண்டு. வீட்டு தெய்வங்களுக்கு முன்னால் இரும்பு விளக்கு ஒன்று வைத்திருந்தார். சாளரப் பக்கம் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் விளக்கைக் காணோம். சரி, நாளைக்கு மண்விளக்கு வாங்கிக்கொள்வோம் என்று விட்டுவிட்டார். திருடனைப் பற்றி இன்னோர் இடத்தில் சொல்கிறார்: விளக்கு அவனுக்குக் கிடைத்தது, விலையாகத் தன் நேர்மையைக் கொடுத்தான். அவர் இறந்த பிறகு அந்த மண்விளக்கை யாரோ 3,000 திராக்மாவுக்கு வாங்கினார்களாம், அங்கத எழுத்தாளர் லூசியன் எழுதியிருக்கிறார். அதை வைத்துப் படித்தால் அவர் ஞானம் வந்துவிடும் என்று நினைத்தார்களாம்.

நெய்தல்

எல்லாருக்கும் நன்றி. கப்பல் எனக்குப் பெரிய ஆறுதல். அப்பா கையைத் தூக்க முயன்று முடியாமல் போகும்போது எனக்குக் கண் கலங்குவது தவறு ஒன்றும் இல்லை என்று புரிகிறது.

ஆனால் மூன்றாம் பகுதி அப்படியே நிற்கிறது ஐயா. முதல் அசைவை அனுமதித்துவிட்டு, இரண்டாம் படியில் "அவர் சாகக்கூடியவர்தானே" என்று நினைத்து நான் விலகிவிட வேண்டும் என்றுதானே அது சொல்கிறது? அன்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும் வழியாகத்தான் எனக்கு அது படுகிறது.

பழையபேனா

இந்தக் கேள்விக்கு அவரே பதில் சொல்லியிருக்கிறார். உரைகளின் முதல் நூல், பதினோராம் அத்தியாயம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் முக்கியமானது.

அரசு அதிகாரி ஒருவர் அவரைப் பார்க்க வருகிறார். பேச்சுவாக்கில் மனைவி, பிள்ளை உண்டா என்று எபிக்டெட்டஸ் கேட்கிறார். உண்டு, ஆனால் ரொம்ப வேதனை என்கிறார் அதிகாரி. என்ன வேதனை? "அண்மையில் என் மகளுக்கு உடம்பு மோசமாகி, உயிருக்கே ஆபத்து என்றிருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க என்னால் முடியவில்லை. வீட்டைவிட்டு ஓடிவிட்டேன். குணமாகிவிட்டாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் திரும்பினேன்."

செய்தது சரியா என்று எபிக்டெட்டஸ் கேட்கிறார். இயற்கையானதைத்தான் செய்தேன், எந்த அப்பனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்கிறார் அவர். எபிக்டெட்டஸ் விடவில்லை. திட்டவும் இல்லை. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார். பிள்ளையின் தாய்க்கு அவள்மேல் பாசம் இல்லையா? இருக்கிறது. அப்படியானால் தாயும் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமா? கூடாது. செவிலித்தாய்? அவளுக்கும் பாசம்தான், அவளும் போகக்கூடாது. பிள்ளையைக் கவனிக்கும் வேலையாள்? அவனும் போகக்கூடாது. எல்லாரும் பாசம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாசத்தின் பேராலேயே எல்லாரும் போயிருந்தால், அந்தப் பிள்ளை அவளை நேசிக்காத யாரோ ஒருவர் கையில் தனியாகச் செத்திருக்கும். நீ நோயில் கிடக்கும்போது உன்னைச் சேர்ந்தவர்கள் உன்மேல் இவ்வளவு பாசம் வைத்து உன்னைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று விரும்புவாயா?

அதிகாரியிடம் பதில் இல்லை. உன்னை ஓடவைத்தது பாசம் இல்லை, "இதை என்னால் தாங்க முடியாது, போய்விடுவதே நல்லது" என்று உனக்குத் தோன்றியதுதான் என்று எபிக்டெட்டஸ் முடிக்கிறார். மறுபடியும் அதே ஒப்புதல்தான், இரண்டாம் படிதான்.

இந்த அத்தியாயத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் பகுதிக்குத் திரும்புங்கள். சாகக்கூடியவர் என்று நினைத்துக்கொள்வது விலகிப்போகக் கற்றுக்கொள்ள அல்ல. விலகாமல் இருக்கத்தான். இப்படி ஆகக்கூடும் என்பதே தெரியாதவன்போல் வாழ்ந்தவன்தான் முதல் அடியில் ஓடுகிறான். அம்மா, நீங்கள் ஓடவில்லை. அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறீர்கள். எபிக்டெட்டஸ் பாசம் என்ற பேருக்குத் தகுதி என்று சொன்னது அதைத்தான்.

அவரே வயதான காலத்தில், வளர்க்க வழியில்லாமல் நண்பர் ஒருவர் கைவிடவிருந்த குழந்தையை எடுத்து வளர்த்தார், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று, பின்னால் கையேட்டுக்கு உரை எழுதிய சிம்ப்ளிசியஸ் எழுதியிருக்கிறார். அன்பைக் குறைத்துக்கொள்ளச் சொன்ன மனிதர் இதைச் செய்திருக்கமாட்டார்.

நெய்தல்

இதை அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன் ஐயா. வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

வடக்குவீதி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்தப் பிள்ளையின் கதை அருமை. ஆனாலும் எனக்கு இந்தத் தத்துவத்தின்மேல் ஒரு பெரிய மனக்குறை உண்டு, அதைச் சொல்லாமல் போக மனமில்லை.

உன் கையில் இல்லாததை விட்டுவிடு என்பது யாருக்கு வசதி? அடிமையை வைத்திருப்பவனுக்கு. கூலி கொடுக்காதவனுக்கு. எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர். அவரே "உன் சங்கிலி உன்னைக் கட்டவில்லை, உன் கருத்துதான் கட்டுகிறது" என்ற தொனியில் பேசும்போது எனக்கு வலிக்கிறது. சங்கிலி உண்மையிலேயே கட்டுகிறது. அப்புறம் செனெகா. வறுமையைப் புகழ்ந்து எழுதியவர், பேரரசன் நீரோவின் நிழலில் நாலே ஆண்டில் 30 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சேர்த்தார் என்று அவர் காலத்திலேயே சுயிலியஸ் என்பவர் குற்றம் சாட்டினார், வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். கோர்சிகாவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தபோது, திரும்பி வருவதற்காக அரசனின் செயலாளரைக் குளிரவைத்து அவர் எழுதிய ஆறுதல் நூலும் இருக்கிறது. வேலையிடத்தில் அநியாயம் நடக்கும்போது "மன அமைதி" வகுப்பு எடுத்துத் தொழிலாளியைச் சமாதானப்படுத்துவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அது இந்த மரபின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது.

வாசகி

வடக்குவீதி அண்ணா, செனெகாவைப் பற்றி நீங்கள் சொன்னது எதையும் நான் மறுக்கவில்லை. 47ஆம் கடிதத்தில் "அடிமைகளா? இல்லை, மனிதர்கள்" என்று எழுதினார், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். ஆனால் அடிமைமுறையே போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, எபிக்டெட்டஸும் சொல்லவில்லை. அது பெரிய குறைதான். மனிதர் எல்லாரிடமும் ஒரே பகுத்தறிவுதான் இருக்கிறது என்று நம்பியவர்கள் அந்த ஒரு அடியையும் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் "சும்மா இரு" என்று சொன்ன மரபு இது என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் காலத்து ரோமப் பேரரசர்களுக்கு அதிகம் தலைவலி கொடுத்தவர்களில் பலர் ஸ்டோயிக்குகள். நீரோ தன் தாயைக் கொன்ற கி.பி. 59இல், செனட் அவனைப் பாராட்டத் தொடங்கியதும் எழுந்து வெளியே போனவர் திரேசியா பீட்டஸ். 66இல் அவருக்கு மரண தண்டனை கிடைத்தது. அவர் மருமகன் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸிடம் வெஸ்பேசியன் பேரரசர், செனட்டுக்கு வராதே என்று சொல்லியனுப்பினார். என்னை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்குவது உங்கள் கையில், உறுப்பினராக இருக்கும்வரை போக வேண்டியது என் கடமை என்றார் இவர். வா, ஆனால் பேசாதே. என்னிடம் கருத்துக் கேட்காதீர்கள், பேசமாட்டேன். கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படியானால் சரி என்று படுவதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் கொன்றுவிடுவேன். நான் சாகாதவன் என்று உங்களிடம் எப்போது சொன்னேன்? கொல்வது உங்கள் வேலை, நடுங்காமல் சாவது என் வேலை. இந்த உரையாடலைத் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதே எபிக்டெட்டஸ்தான். ஹெல்விடியஸ் பின்னால் கொல்லப்பட்டார்.

நம் கையில் இருப்பது, இல்லாதது என்ற அதே பிரிவினை, ஆனால் எந்தப் பக்கம் திரும்புகிறது பாருங்கள். பதவி கையில் இல்லை, உயிர் கையில் இல்லை. ஆகவே அவற்றைக் காட்டி என்னை மிரட்ட முடியாது. எபிக்டெட்டஸின் ஆசிரியர் முசோனியஸ் ரூஃபஸை நீரோ கியாரா என்ற தண்ணீரில்லாத தீவுக்குத் துரத்தினான். பெண்களும் தத்துவம் படிக்க வேண்டும், மகளுக்கும் மகனுக்கும் ஒரே கல்வி வேண்டும் என்று அந்தக் காலத்தில் பாடம் எடுத்த மனிதர் அவர். அவர் பேர் இன்றைய பொன்மொழிப் படங்களில் வருவதில்லை, அது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

வடக்குவீதி

ஹெல்விடியஸ் எனக்குப் புதிது, தங்கையே. அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அவர்கள் தனித்தனியே நெஞ்சு நிமிர்த்திச் செத்தார்கள். சேர்ந்து நின்று எதையும் மாற்றவில்லை. எனக்கு வேண்டியது மாற்றம். அந்த இடத்தில் இந்தத் தத்துவம் என்னோடு பாதி வழிதான் வருகிறது.

மாலைநேரம்

பாதி வழி என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் தன் வேலையிடத்தில் நடக்கும் அநியாயத்தைப் பற்றி என்னிடம் சொல்லும்போது, அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவது என் தொழிலுக்கே துரோகம். அவர் நடுங்காமல் புகார் எழுத உதவுவதுதான் வேலை. அதற்கு எபிக்டெட்டஸ் போதும். புகாரை எழுதிய பிறகு வேண்டிய சங்கமும் சட்டமும் வேறு இடத்திலிருந்துதான் வரவேண்டும்.

கருங்கல்

நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். பழையபேனா ஐயா சொன்ன முதல் அசைவு, இரண்டாம் படி பற்றி யோசிக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். மார்க்கஸ் அரேலியஸ் பேரரசர். பெருந்தொற்று ஒரு பக்கம், டானியூப் எல்லையில் போர் ஒரு பக்கம். அவ்வளவுக்கு நடுவில் கூடாரத்தில் உட்கார்ந்து தனக்காகக் குறிப்பு எழுதிய மனிதர். எதற்கும் அசையாத மனம் இல்லாமல் அது முடியுமா?

பழையபேனா

முடிந்தது தம்பி. அதுதான் அந்தக் குறிப்புகளின் அழகு. அசையாத மனிதருக்கு அப்படி ஒரு குறிப்பேடே தேவைப்பட்டிருக்காது. ஐந்தாம் நூலின் தொடக்கத்தைப் பாருங்கள், விடியற்காலையில் எழுந்திருக்க மனமில்லாமல் போர்வைக்குள் கிடக்கும் தன்னோடு அவரே வாதம் செய்கிறார். இரண்டாம் நூலின் தொடக்கத்தில், இன்று தலையிடுகிறவர்கள், நன்றி மறந்தவர்கள், திமிர் பிடித்தவர்கள் எல்லாரையும் சந்திக்கப்போகிறேன் என்று காலையிலேயே தன்னைத் தயார் செய்கிறார். எரிச்சல் வரும் மனிதர்தான் அப்படித் தயாராக வேண்டியிருக்கும்.

அவருக்கும் மனைவி ஃபாஸ்டினாவுக்கும் பதின்மூன்றுக்குக் குறையாத பிள்ளைகள். பாதிக்கு மேல் சிறுவயதிலேயே போய்விட்டன. ஒன்பதாம் நூலில் ஒரு குறிப்பு: இன்னொருவன் "என் பிள்ளையை இழக்காமல் இருக்க வேண்டும்" என்று வேண்டுகிறான், நீ "இழப்பதைக் கண்டு அஞ்சாமல் இருக்க வேண்டும்" என்று வேண்டு. அந்த வேண்டுதலை எழுதிய கை எத்தனை முறை அஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் இளைஞராக இருந்தபோது, தன்னை வளர்த்த ஆசிரியர் ஒருவர் இறந்ததற்கு அழுதார். அரண்மனைப் பணியாளர்கள் அவரைத் தடுத்தார்களாம். வளர்ப்புத் தந்தை அன்டோனினஸ் பயஸ், "அவனை மனிதனாக இருக்க விடுங்கள், தத்துவமோ அரசோ உணர்ச்சியைப் பறித்துவிடுவதில்லை" என்றார் என்று பழைய வரலாற்றுத் தொகுப்பு ஒன்றில் வருகிறது. செனெகாவும் 63ஆம் கடிதத்தில், நண்பர் செரேனஸ் இறந்தபோது தானே அளவுமீறி அழுததைச் சொல்கிறார். அதைச் சொல்லிவிட்டுத்தான், நண்பரை இழந்த லூசிலியஸுக்கு ஆறுதல் எழுதுகிறார்.

கருங்கல்

"மனிதனாக இருக்க விடுங்கள்" என்ற வரிக்காக அந்தத் தொகுப்பைத் தேடிப்போகிறேன் ஐயா. குளிர்நீர்க் குளியலை விடமாட்டேன். ஆனால் அது எதற்கு என்பதை வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

வாசகி

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டும். ஸ்டோயிக்குகள் உலகம் முழுவதும் ஒரு பகுத்தறிவால் நடத்தப்படுகிறது, நடப்பதெல்லாம் அதன் ஒழுங்குக்குள் வருகிறது என்று நம்பினார்கள். அவர்களுக்கு அமைதி வந்தது அந்த நம்பிக்கையால் அல்லவா? அது இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு மீதி என்ன?

பழையபேனா

தொடக்க கால ஸ்டோயிக் தலைவர் கிரிசிப்பஸ் இருந்திருந்தால் அந்த நம்பிக்கையை விட்டுக்கொடுத்திருக்கமாட்டார். 700க்கு மேற்பட்ட நூல்கள் எழுதியவர், ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. அவர்களுடைய இயற்பியல், தர்க்கம், அறம் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை. மார்க்கஸ் ஆனால் உங்கள் கேள்வியைத் தன்னிடமே பலமுறை கேட்டுக்கொண்டார்: உலகை ஓர் அறிவு நடத்துகிறதா, அல்லது வெறும் அணுக்களின் மோதலா? அவர் மனம் முதல் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அணுக்கள்தான் என்றாலும் நீயும் தற்செயலாக நடந்துகொள்ளாதே என்று எழுதினார். நம்பிக்கை இல்லாமலும் மீதி இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர்களுக்கு இருந்த ஆறுதல் முழுவதும் அப்போது கிடைக்காது. தீர்ப்பை ஆராயும் பழக்கம் கிடைக்கும், நடப்பது நன்மைக்கே என்ற உறுதி கிடைக்காது. எனக்கு முதலாவது போதுமானதாக இருக்கிறது.

புதுவரவு

ரொம்ப நல்ல இழை. நான் இவர்களில் யாரையும் படித்ததில்லை. எங்கே தொடங்குவது? எல்லாரும் மார்க்கஸைத்தான் சொல்கிறார்கள்.

வாசகி

மார்க்கஸை முதலில் எடுக்காதீர்கள். அவர் தனக்காக எழுதிக்கொண்டது, எல்லாம் தெரிந்தவருக்கான நினைவூட்டல்கள், ஆரம்பத்தில் படித்தால் பொன்மொழிகளாக மட்டும் தெரியும். செனெகா லூசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்களில் இருந்து 47, 63 இரண்டையும் முதலில் படியுங்கள். பிறகு கோபம் பற்றிய அவர் நூல். அதன் மூன்றாம் பகுதியில், இரவு விளக்கை அணைத்து, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு அன்றைய நாள் முழுவதையும் தானே விசாரிப்பதைப் பற்றி எழுதுகிறார். எதையும் மறைக்காமல், ஆனால் "இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன்" என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார். எனக்கு அந்தப் பகுதி மிகவும் பிடிக்கும்.

பழையபேனா

நானும் அந்த வரிசையைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு எபிக்டெட்டஸ், ஆனால் கையேட்டுக்கு முன்னால் உரைகள். கையேடு அவர் மாணவர் ஆரியன் உரைகளிலிருந்து திரட்டிய சுருக்கம். சுருக்கத்தில் காரணங்கள் உதிர்ந்துவிட்டன, கட்டளைகள் மட்டும் நிற்கின்றன. நெய்தல் அம்மாவுக்கு மூன்றாம் பகுதி அவ்வளவு கொடுமையாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். முதல் நூலில் 1, 2, 11, 18 ஆகிய அத்தியாயங்களைப் படித்துவிட்டு வாருங்கள். பதினெட்டில் திருட்டுப்போன விளக்கு இருக்கிறது, தவறு செய்கிறவன்மேல் கோபப்படலாமா என்ற விவாதமும் இருக்கிறது. அதில் எனக்கே சில இடங்களில் உடன்பாடு இல்லை. வடக்குவீதி தம்பியும் அதைப் படித்துவிட்டு எழுதினால் அங்கிருந்து தொடரலாம்.